கூலிமிலிருந்து ஜொகூருக்குப் பறக்கும்போது தூரக் கணக்கில் செய்யும் தவறுகள்

தீபாவளிக்கு கூலிம், பாடாங் செராய் பக்கமிருந்து ஜொகூர் பாருவுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கைப்பேசியில் தட்டிப் பார்ப்பது தூரத்தைத்தான். பினாங்கு விமான நிலையத்துக்கும் ஜொகூர் பாருவின் விமான நிலையமான செனாய்க்கும் நேர்கோட்டில் சுமார் 553 கிலோமீட்டர். காரில் போனால் சுமார் 700. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், அப்படியானால் 41 நிமிடம் போதும் என்று முடிவு கட்டுகிறார்கள். தவறே அங்குதான் தொடங்குகிறது.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் 1 மணி 15 நிமிடத்தை ஒட்டி இருக்கும். விமானம் நிற்கும் இடத்திலிருந்து நகரத் தொடங்கியதுமுதல், செனாயில் போய் நிற்கும் வரைக்குமான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதற்கே பத்து நிமிடம் ஆகலாம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இந்தத் தூரத்தில் முழு வேகத்தில் பறப்பது இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். அதனால்தான் பினாங்கு–சுபாங் போன்ற 278 கிலோமீட்டர் பயணத்தில், மணிக்கு 510 கிலோமீட்டர் போகும் ஏடிஆர் காற்றாடி விமானத்துக்கும் ஜெட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. ‘காற்றாடி விமானமா, வேண்டாம்’ என்று ஒதுக்க வேண்டியதில்லை.

சில இணையத் தளங்கள் பினாங்கு–செனாய் தூரத்தை 299 என்று காட்டும். அது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சாதாரண மைலில் 344. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அலகைப் பார்த்தால் போதும்.

அடுத்தது பெரிய தவறு: வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடாதது. காலை 8:00 மணி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையை ஒப்படைக்கும் கவுண்டரைச் சில கம்பெனிகள் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆகவே 6:30க்கு பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாசில் நிற்க வேண்டும். பினாங்குப் பாலத்தில் நெரிசல் வரலாம் என்பதால் கூலிமில் 5:15க்கே வண்டி எடுக்க வேண்டும். செனாயில் 9:15க்கு இறங்கி, பை வந்து, நகரத்துக்குப் போய்ச் சேர 10:30 ஆகிவிடும். மொத்தம் ஐந்தேகால் மணி நேரம். காரில் ஏழெட்டு மணி நேரம் என்றால், மிச்சம் இரண்டு மூன்று மணி நேரம்தான். நாலு பேர் குடும்பமாகப் போகும்போது இந்த மிச்சத்துக்கு எவ்வளவு வெள்ளி கொடுக்கலாம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலை அடைத்துக்கொள்ளும் பெருநாள் முன்தினத்தில் கணக்கே மாறிவிடும். அப்போது விமானம்தான் லாபம்.

கோலாலம்பூர் போகிறவர்கள் இறங்கும் விமான நிலையம் சுபாங்கா, சிப்பாங்கா என்று பார்க்காமல் வாங்கிவிடுகிறார்கள். கிள்ளான், ஷா ஆலாம் சொந்தங்களைப் பார்க்கப் போனால் சுபாங் பக்கம்.

அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அதிகம். இறங்க இடம் கிடைக்காமல் விமானம் வானில் வட்டமடிக்கும். அன்றைக்கே சடங்கு, கல்யாணம் என்றால் காலை விமானமே நல்லது.

பினாங்கிலிருந்து இந்தோனேசியாவின் மேடானுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. நேர்கோட்டில் 240 கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். இங்கே 10:00க்குப் புறப்படும் விமானம் அங்கே 9:55க்கு இறங்கும் என்று டிக்கெட்டில் இருந்தால் அச்சுப் பிழை என்று எண்ண வேண்டாம். பறப்பது 55 நிமிடம். உங்களை அழைத்துப்போக வருபவரிடமும் அந்த 9:55ஐயே சொல்லுங்கள்.