ராமேஸ்வரத்துக்கு ரயிலில் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு காலத்தில் ரயில் தனுஷ்கோடி வரை போய்க்கொண்டிருந்தது. 1964 டிசம்பர் புயலில் அந்தப் பாதை அழிந்த பிறகு ராமேஸ்வரமே கடைசி நிலையம். இங்கே வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் தீர்த்தமாட வருகிறவர்கள்தான். தவறுகள் பிளாட்பாரத்திலிருந்தே தொடங்கிவிடுகின்றன.

இறங்கியதும் பெட்டி, செல்போனோடு ஆட்டோ பிடித்து நேரே கோயிலுக்குப் போய்விடாதீர்கள். செல்போனை உள்ளே விடமாட்டார்கள். முதலில் அறை எடுத்துச் சாமான்களைப் போட்டுவிட்டு, மாற்றுத்துணிப் பையோடு கிளம்புங்கள். கூட வந்தவர்களில் யாராவது ஒருவர் நனையாமல் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது வரிசை. முதலில் அக்னி தீர்த்தமான கடலில் குளியல், அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் (பெரும்பாலும் கிணறுகள்) குளியல், பிறகு உலர்ந்த துணி உடுத்திச் சுவாமி தரிசனம். ஈரத்துணியோடு சன்னதிக்குப் போகக் கூடாது. இது தெரியாமல், கடைசியான கோடித் தீர்த்தத்தில் நனைந்த உடனே நேரே தரிசன வரிசைக்குப் போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு. கனமான பட்டுப் புடவையும் வேண்டாம். கிணற்று விளிம்பில் நிற்பவர் கயிறு கட்டிய வாளியால் மொண்டு தலையில் ஊற்றுவார். நாலு கிணறு தாண்டுவதற்குள் புடவை காலோடு ஒட்டிக்கொள்ளும். தரையோ ஈரக் கல். வயதானவர்களைக் கையைப் பிடித்தே கூட்டிப் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போவது நல்லது. மதியம் 1 மணிக்கு நடை சாத்தினால் 3 மணிக்குத்தான் திறப்பார்கள்.

கடலில் பழைய துணியை விட்டால் பாவம் போகும் என்று விட்டுவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்த அலையிலேயே அது கரைக்கு வந்து, பின்னால் குளிக்க வருகிறவரின் காலைச் சுற்றுகிறது. நம் தீர்த்தத்தை நாமே அழுக்காக்குகிறோம்.

தனுஷ்கோடியைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைக்காதீர்கள். பொழுது சாய்ந்தால் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அங்கே நிலம் முடியும் இடமான அரிச்சல்முனையில் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் இறங்கக் கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும்.

கடைசியாக, திரும்பும் ரயில். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரல் 6 முதல் புதுப் பாலத்தில் ரயில் ஓடுகிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறும். ஆனால் காற்று அளவுக்கு மீறினால் இதிலும் ரயிலை நிறுத்தித்தான் வைப்பார்கள். அதனால் மதுரையில் அடுத்த ரயிலைப் பிடிக்க ஒரு மணி நேர இடைவெளி மட்டும் வைத்து டிக்கெட் போடாதீர்கள். பாலம் கடக்கும்போது வாசலில் நின்று போனை நீட்டவும் வேண்டாம், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். ஜன்னலோரம் உட்கார்ந்தாலே இரண்டு பக்கமும் கடல் நன்றாகத் தெரியும்.