நாராவில் ஒரு முழு நாள்: பெரிய புத்தரை முதன்முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜப்பானின் கியோட்டோவிலிருந்து அரை நாள் பயணமாக நாராவுக்கு வந்து, மானோடு ஒரு படம், புத்தரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல் தடவை நானும் அதையே செய்தேன். அடுத்த தடவை முழு நாளையும் ஒதுக்கினேன். எதை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

1. சரியான நிலையத்தில் இறங்குங்கள்

பெரிய புத்தர் இருக்கும் தோதாய்ஜி கோயிலுக்கு அருகில் இருப்பது கின்டெட்சு நாரா நிலையம். அங்கிருந்து இருபது நிமிட நடை. ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நாரா நிலையம் இன்னும் தள்ளி இருக்கிறது. கின்டெட்சு ரயிலில் ஜே.ஆர். பாஸ் செல்லாது, தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும். கியோட்டோவிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். சில ரயில்கள் நாராவுக்கு வராமல் தெற்கே காஷிஹாரா பக்கம் போய்விடும். அப்படிப்பட்ட ரயிலில் ஏறினால் யமாட்டோ சைதாய்ஜியில் இறங்கி மாற வேண்டும். நான் அங்கே கண்ணயர்ந்துவிட்டு, சில நிலையங்கள் தாண்டி வயல்களுக்கு நடுவே விழித்துக்கொண்டேன்.

2. மான்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்

நாரா பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் கட்டின்றித் திரிகின்றன. அவற்றுக்கென்று 'ஷிகா செம்பே' என்ற தவிட்டு அப்பளம் வழியெங்கும் விற்கிறார்கள். வாங்கியதும் ஒரு மான் தலை வணங்கும், நீங்கள் உருகிப்போவீர்கள், அதற்குள் பின்னாலிருந்து இன்னொன்று சட்டையை இழுக்கும். அப்பளக் கட்டைச் சுற்றிய காகிதத்தைத் தின்றால் அதற்கு ஒன்றும் ஆகாது. என் வரைபடத்தையும் சேர்த்துத் தின்றதுதான் எனக்குக் கஷ்டம். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள், விட்டுவிடும். இலையுதிர் காலத்தில் கொம்புள்ள ஆண்மான்களிடமும், வேனிலில் குட்டியோடு நிற்கும் தாய்களிடமும் நெருங்க வேண்டாம்.

3. வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள்

கோயிலின் தெற்குப் பெருவாயிலான நந்தாய்மோனைக் கூட்டம் அப்படியே கடந்து போகும். நீங்கள் நில்லுங்கள். இரு பக்கமும் எட்டு மீட்டருக்கு மேல் உயரமான மரத்துவாரபாலகர்கள் நிற்கிறார்கள். ஒருவர் வாய் திறந்திருக்கும், மற்றவர் வாய் மூடியிருக்கும். உன்கெய், காய்கெய் என்ற சிற்பிகளின் தலைமையில் 1203இல் ஏறக்குறைய எழுபது நாளில் செதுக்கி முடித்தவை.

4. பெரிய புத்தர் மண்டபம்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7:30க்கும், மற்ற மாதங்களில் 8 மணிக்கும் திறப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ்கள் வருவதற்குள் போய்விடுவது நல்லது. செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. நம் பழக்கத்தில் வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உள்ளே நுழையும் முன், முற்றத்து நடுவில் நிற்கும் எண்கோண வெண்கல விளக்கைப் பாருங்கள். மண்டபம் 1180இலும் 1567இலும் போரில் எரிந்தது. இந்த விளக்கோ 8ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது. அதன் பக்கப் பலகைகளில் குழல் ஊதும் போதிசத்துவரைத் தேடிப் பாருங்கள்.

இப்போதுள்ள மண்டபம் 1709இல் கட்டி முடித்தது. 57 மீட்டர் அகலம். முதலில் கட்டியது 86 மீட்டர். அவ்வளவு பெரிய மரங்கள் பிற்பாடு கிடைக்கவில்லை. தூண்களை உற்றுப் பாருங்கள்: பல கட்டைகளைச் சேர்த்து உலோகப் பட்டையால் இறுக்கியிருப்பது தெரியும்.

புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். வலக்கையில் அபயம், இடக்கையில் வரதம். முத்திரையைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இவர் பிரபஞ்சம் முழுவதும் ஒளி பரப்புபவராகக் கருதப்படும் வைரோசன புத்தர். பேரரசர் ஷோமு 743இல் ஆணையிட்டு வார்க்கச் செய்தார். தாமரைப் பீடத்தின் சில பகுதிகள் அந்தக் காலத்தவை, தலையோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முன்னாலுள்ள பூச்சாடியில் உட்கார்ந்திருக்கும் வெண்கலப் பட்டாம்பூச்சியின் கால்களை எண்ணுங்கள். எட்டு இருக்கும். ஏன் எட்டு என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

நாம் இங்கே கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்கக் காரணம் உண்டு. நம் ஊரில் ஸ்தபதி சிலைக்குக் கண் திறப்பதைப் போல, 752இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற தென்னிந்தியத் துறவி. 736இல் ஜப்பான் வந்தவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். அந்தத் தூரிகை மண்டபத்துக்குப் பின்னாலுள்ள ஷோசோயின் கருவூலத்தின் சேகரிப்பில் இன்றும் இருக்கிறது.

வெளியே வரும்போது சிவப்புத் துணி போர்த்திய மரச்சிலை ஒன்று கண்ணில் படும். பின்சுரு, அதாவது புத்தரின் சீடரான பிண்டோல பாரத்துவாசர். உடம்பில் எங்கே வலியோ, சிலையில் அந்த இடத்தைத் தடவிவிட்டுத் தன் உடம்பைத் தடவிக்கொள்வார்கள். முழங்காலுக்குத்தான் கிராக்கி.

5. மதியச் சாப்பாடு

நிலையத்தை ஒட்டிய கடைத்தெருவுக்குத் திரும்புங்கள். சைவர்கள் கவனிக்க: காய்கறி உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்று எழுதியிருந்தாலும் சாறு பெரும்பாலும் மீனில் காய்ச்சியதுதான். கேட்டுவிட்டு வாங்குங்கள். பசியோடு சாப்பிட்டு முடித்த பிறகு தெரிந்துகொண்டவன் சொல்கிறேன்.

6. அசுரரும் விளக்குகளும்

பக்கத்திலேயே கோஃபுகுஜி என்ற புத்தர் கோயில். ஐந்தடுக்குக் கோபுரத்தில் நெடுங்காலப் பழுதுபார்ப்பு நடப்பதால் அது மறைந்திருக்கும், ஏமாற வேண்டாம். அருங்காட்சிக் கூடத்திலுள்ள 734ஆம் ஆண்டு அசுரர் சிலைக்காகப் போங்கள். மூன்று முகம், ஆறு கை, கோபமே இல்லாத இளைஞன் முகம். நம் கோயில்களில் மிதிபடும் அசுரனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது.

அங்கிருந்து காட்டுப் பாதையில் கிழக்கே நடந்தால் கசுகா தைஷா. இது ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் ஆலயம், ஆகவே இரண்டு முறை வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை வணங்குவார்கள். புத்தர் கோயிலில் கைதட்டக் கூடாது. கல்விளக்கும் தொங்குவிளக்குமாகச் சுமார் 3,000 இருக்கின்றன. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மட்டுமே எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். மற்ற நாட்களில் போகிறவர்களுக்காகக் கட்டணப் பகுதியில் ஓர் இருட்டறையில் விளக்குகளை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

7. அந்தியில் நிகாட்சுடோ

வகாகுசா மலையடிவாரத்தை ஒட்டி வடக்கே இருபது நிமிடம் நடந்தால் மலைச்சரிவில் நிகாட்சுடோ என்ற மண்டபம் வந்துவிடும். தோதாய்ஜியைச் சேர்ந்ததுதான், கட்டணமும் இல்லை, கதவடைப்பும் இல்லை. 752இல் தொடங்கி ஒரு வருடமும் நிற்காத தீப்பந்த விழா மார்ச் முதல் இரண்டு வாரம் இங்கேதான் நடக்கிறது. மற்ற மாதங்களில் கூட்டம் குறைவு. மர மாடத்தில் சாய்ந்து நின்றால், காலையில் அண்ணாந்து பார்த்த பெரிய மண்டபத்தின் கூரை கண்ணுக்குக் கீழே இருக்கும். வெளிச்சம் குறையக் குறைய மாடத்து விளக்குகள் எரியத் தொடங்கும்.

இறங்கும்போது முன்பக்கப் படியை விட்டுவிட்டு, பின்பக்கமாக மண்சுவர்களுக்கு நடுவே போகும் சந்து வழியாக நடங்கள். நிலையம் வரை இறக்கம்தான்.