டிஃபெண்டர் காலில் பட்டு வந்த பந்து: ஆஃப்சைடா, இல்லையா?

2021 அக்டோபர் 10, மிலன் நகரின் சான் சிரோ மைதானம். நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினும் பிரான்ஸும் 1-1 என்று நிற்கின்றன. 80-வது நிமிடத்தில் பிரான்ஸின் தியோ ஹெர்னாண்டஸ் பந்தை முன்னால் தள்ளுகிறார். அந்த நொடியில் அவருடைய சகவீரர் எம்பாப்பே ஆஃப்சைடு இடத்தில், அதாவது எதிரணி டிஃபெண்டர்களைத் தாண்டிக் கோலுக்கு அருகில், இருக்கிறார். பந்தை மறிக்க ஸ்பெயினின் எரிக் கார்சியா சறுக்கிக்கொண்டே காலை நீட்டுகிறார். பந்து அவர் காலில் உரசி, எம்பாப்பேயிடமே போய்ச் சேர்கிறது. கோல்! வீடியோ பரிசோதனைக்குப் பிறகும் கோல் செல்லும் என்றே நடுவர் ஆண்டனி டெய்லர் முடிவு சொன்னார். கோப்பை பிரான்ஸுக்குப் போனது.

அன்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பலருக்கும் இது புரியவில்லை. கால்பந்து பார்க்கத் தொடங்கியவர்களை இன்றும் அதிகம் குழப்புவது இந்த மாதிரிக் கட்டம்தான். நடுவர் மனதில் ஓடும் கேள்விகளை அதே வரிசையில் கேட்டுப் பழகினால் பெரும்பாலான கோல்களுக்கு நீங்களே தீர்ப்புச் சொல்லலாம்.

படி 1: கூட்டாளி தொட்ட நொடியில் படத்தை நிறுத்துங்கள்

தாக்கும் அணியில் ஒருவர் பந்தை ஆடுகிறார் அல்லது பந்து அவர் மேல் படுகிறது. அந்த நொடியில் அவருடைய கூட்டாளி எங்கே நிற்கிறார்? எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி, கோல் கோட்டுக்கு அருகில் தலையோ உடம்போ காலோ இருந்தால் அது ஆஃப்சைடு இடம். கைகள் கணக்கில் இல்லை. சமமாக நின்றால் தப்பில்லை.

அந்த இடத்தில் நிற்பது மட்டுமே குற்றமாகாது. அதன் பிறகு ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். இன்னொன்று, பந்து டிஃபெண்டர் மேல் பட்ட பிறகு ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கிறார் என்று தேடாதீர்கள். படம் கூட்டாளியின் தொடுதலிலேயே நிற்க வேண்டும். டிவியில் ரீப்ளே போடும்போது நம் கண் தானாகவே பந்து பட்ட இடத்துக்குப் போய்விடும், அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

படி 2: நடுவில் தொட்டது யார்?

சொந்த அணி ஆள் மேல் பட்டால் கணக்கு புதிதாகத் தொடங்கும். சகவீரர் அடித்த ஷாட் இன்னொரு சகவீரரின் முதுகில் தெரியாமல் பட்டுத் திரும்பினாலும், அந்த முதுகில் பட்ட நொடியில் படத்தை மறுபடி நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் வேண்டுமென்றே தொட்டாரா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை.

கோல் போஸ்ட், கிராஸ்பார், நடுவர் இவற்றில் பட்டு வந்தால் எதுவும் மாறாது. ஷாட் அடித்தபோது ஆஃப்சைடில் நின்றவர் போஸ்டில் பட்டுத் திரும்பிய பந்தைத் தட்டி உள்ளே போட்டால் அது கோல் இல்லை. ஷாட் அடித்தபோது பின்னால் இருந்து, பிறகு ஓடி வந்து தட்டினால் கோல்தான்.

எதிரணி ஆள் தொட்டிருந்தால்தான் சிக்கல். 2018 உலகக் கோப்பையில், கசான் நகரில் தென் கொரியாவும் ஜெர்மனியும் ஆடியது நினைவிருக்கும். 90 நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் கொரியாவின் கிம் யங்-க்வோன் கோல் போட்டதும் உதவி நடுவரின் கொடி உயர்ந்தது. வீடியோவில் பார்த்தால் பந்து கிம்முக்கு வந்தது ஜெர்மனியின் டோனி குரூஸ் காலிலிருந்து. கோல் செல்லுபடியானது. 2-0 என்று தோற்று, நடப்பு சாம்பியனான ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியேறியது. 'யார் தொட்டது?' என்ற ஒரு கேள்விக்கு இவ்வளவு எடை உண்டு.

படி 3: டிஃபெண்டர் ஆடினாரா, அவர் மேல் பட்டதா?

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய படி இது. டிஃபெண்டர் பந்தைத் தெரிந்தே ஆடியிருந்தால், ஸ்ட்ரைக்கர் ஆஃப்சைடு இடத்திலிருந்து வந்திருந்தாலும் அந்தப் பந்தை எடுத்துக்கொள்ளலாம். வெறும் டிஃப்லெக்‌ஷன் என்றால், அதாவது பந்து அவர் மேல் பட்டுத் திசை மாறியது மட்டும்தான் என்றால், ஆஃப்சைடு அப்படியே தொடரும்.

முன்பெல்லாம் பந்தை நோக்கிக் காலை நீட்டினாலே 'ஆடினார்' என்று எடுத்துக்கொண்டார்கள். எம்பாப்பே கோல் செல்லுபடியானது அதனால்தான். டிஃபெண்டர் காலை நீட்டாமல் சும்மா இருந்திருந்தால் ஆஃப்சைடு, முயற்சி செய்ததால் கோல் என்பது எந்த ஊர் நியாயம்? விதிகளை வகுக்கும் ஐஃபாப் அமைப்பு 2022 ஜூலையில் இதற்குத் தெளிவான விளக்கம் கொடுத்தது. என் பார்வையில் சமீப காலத்தில் விதிப்புத்தகத்தில் நடந்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

பந்து அவருடைய கட்டுப்பாட்டில் இருந்ததா என்பதே இப்போது கேள்வி. சகவீரருக்குப் பாஸ் கொடுக்கவோ, பந்தைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளவோ, தூர அடித்து விலக்கவோ அவருக்கு வாய்ப்பு இருந்ததா? இதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்களைத் தேடுங்கள். பந்து தொலைவிலிருந்து, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி வந்ததா? வேகம் குறைவா? எதிர்பார்த்த திசையில்தான் வந்ததா? உடம்பைத் திருப்பித் தயாராக நேரம் இருந்ததா, இல்லை கடைசி நொடியில் எட்டிப் பாய்ந்தாரா? தரையோடு உருண்டு வரும் பந்தை ஆடுவது சுலபம், காற்றில் வருவது கடினம். இதையும் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' வர வேண்டும் என்று கட்டாயமில்லை. மொத்தமாகப் பார்த்து நடுவர் முடிவெடுக்கிறார். இந்த அளவுகோலில் வைத்தால், கார்சியா சறுக்கி உரசியது டிஃப்லெக்‌ஷன்தான். இன்று அதே கோல் விழுந்தால் ஆஃப்சைடு என்பேன்.

ஆனால் எச்சரிக்கை: அடி சொதப்பியதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பந்து கட்டுப்பாட்டில் இருந்தும் டிஃபெண்டர் தப்பாக உதைத்தால் அது அவர் ஆடியதாகவே கணக்கு. 2018 பிப்ரவரியில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் டாட்டன்ஹாமும் ஆடியபோது, டாட்டன்ஹாமின் டெலே அலி கொடுத்த பாஸை வெளியே அடிக்க முயன்ற லிவர்பூலின் லவ்ரென் சரியாக உதைக்கவில்லை. பந்து ஆஃப்சைடு இடத்தில் இருந்த ஹாரி கேனிடம் போனது. கோல்கீப்பர் கரியஸ் அவரைச் சாய்க்க, பெனால்டி கொடுத்தார்கள். லவ்ரென் பந்தை ஆடினார் என்றே நடுவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே, பந்து எங்கே போனது என்பதை மறந்துவிட்டு, தொடுவதற்கு முந்தைய அரை நொடியில் டிஃபெண்டரின் காலையும் இடுப்பையும் பாருங்கள். காலை ஊன்றி, பந்துக்கு நேராகத் திரும்பி நின்றாரா? அதில் பாதி விடை இருக்கிறது.

படி 4: சேவ் என்றால் கதை வேறு

கோலுக்குள் போகும் பந்தை, அல்லது கோலுக்கு மிக அருகே போகும் பந்தைத் தடுப்பது சேவ். கோல்கீப்பர் கையால் தட்டினாலும் சரி, கோட்டில் நிற்கும் டிஃபெண்டர் காலால் தடுத்தாலும் சரி, எவ்வளவு தெரிந்தே செய்திருந்தாலும் ஆஃப்சைடு அழியாது. ஷாட் அடித்தபோது ஆஃப்சைடில் இருந்தவர் அந்த ரீபவுண்டைத் தொட்டால் கொடி உயரும்.

படி 5: பந்தை வாங்கிக்கொண்டாரா, பறித்தாரா?

2021 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டி-ஆஸ்டன் வில்லா ஆட்டம். வில்லாவின் டைரோன் மிங்ஸ் பந்தை நெஞ்சில் வாங்கி இறக்கினார். ஆஃப்சைடு இடத்திலிருந்து திரும்பி வந்த சிட்டியின் ரோட்ரி பின்னாலிருந்து பந்தைப் பறித்துக் கொடுக்க, பெர்னார்டோ சில்வா கோல் போட்டார். கோல் செல்லுபடியானது. மிங்ஸ் பந்தைத் தெரிந்தே ஆடியிருந்தார் என்பது காரணம். பெரும் எதிர்ப்புக்குப் பிறகு இந்தப் பார்வையும் மாறியது. ஆஃப்சைடு இடத்திலிருந்து வந்து, பந்தை ஆடிய எதிராளி மேல் உடனே பாய்ந்து போட்டியிட்டால், அது எதிராளிக்குக் குறுக்கீடு என்று பார்க்கிறார்கள்.

மைதானத்தில் இதை யார் சொல்வது?

இடத்தைப் பார்ப்பது கோட்டோரம் ஓடும் உதவி நடுவர். ஆனால் டிஃபெண்டர் தொட்ட விதம் பெரும்பாலும் நடுவருக்குத்தான் நன்றாகத் தெரியும். 'ஒன்பதாம் எண் ஆஃப்சைடு இடத்தில், தொட்டது யார்?' என்கிற மாதிரி ஹெட்செட்டில் இருவரும் பேசிக்கொண்டே முடிவுக்கு வருகிறார்கள். வீடியோ உதவி இருக்கும் ஆட்டங்களில் கோல் வாய்ப்பு முடியும்வரை கொடியைத் தாமதப்படுத்துவார்கள். அவசரப்பட்டுக் கொடி உயர்ந்து, விசில் ஊதிவிட்டால், நியாயமான கோலை யாராலும் திருப்பித் தர முடியாது.

அடுத்த ஆட்டத்தில் இப்படி ஒரு கோல் விழுந்தால், ரீப்ளே வரும் முன்பே 'கூட்டாளி தொட்டது எப்போது, நடுவில் தொட்டது யார்' என்ற இரண்டுக்கும் விடை சொல்லிவிட்டு, ரீப்ளேயை மூன்றாவது கேள்விக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.