பிளாஸ்மா சிஎன்சி மேசை: முதலில் பேனா, பிறகு டார்ச்

கேட், கிரில் வேலை செய்யும் பட்டறைக்காரர் பூவோ கிளியோ வெட்டிய தகடு வேண்டுமென்றால், மதுரையில் கப்பலூர் பக்கமோ கே.புதூர் தொழிற்பேட்டைப் பக்கமோ வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. 6 மில்லிமீட்டர் கனம் வரையிலான எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஷீட்டை, கம்ப்யூட்டர் நகர்த்தும் டார்ச்சின் நுனியிலிருந்து பாயும் மின்னேறிய சூடான காற்றால் உருக்கி வெட்டும் சிறிய பிளாஸ்மா மேசையை அவர் தம் பட்டறையிலேயே கட்டிக்கொள்ள முடியும். வெல்டிங் தெரிந்தவருக்குக் கட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. கட்டிய மேசை கோணலாக வெட்டும்போது காரணத்தைப் பிடிப்பதுதான் சிரமம். இயந்திரம், மின்சாரம், காற்று என்ற மூன்றில் எது கெட்டாலும் தகட்டில் தெரிவது கெட்ட வெட்டு ஒன்றுதான். ஆகவே டார்ச்சைக் கடைசியில் பூட்டுங்கள். அதுவரை டார்ச் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கட்டி, அது சார்ட் தாளில் பிசகாமல் வரையும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.

சட்டத்துக்கு 50 × 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் கனத்தில் போதுமானது. தண்டவாளங்களைத் தாங்கும் சட்டத்தில், துளைக்கு மையம் குறிக்கும் கோடுகளை 1200-க்கு 900 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூலைவிட்டம் சரியாக 1500 வரும். கொத்தனார் வானம் தோண்டும் முன் மூலை பார்க்கும் மூன்று, நான்கு, ஐந்து கணக்கு இதுவே. நான்கு மூலைகளையும் முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, பிறகு எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி வெல்டிங் செய்யுங்கள். ஒரு மூலையை ஒரே மூச்சில் முடித்தால் சூடு சட்டத்தை இழுத்துவிடும். சட்டம் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை நான்கு மூலைகளிலும் பிடித்துப் பார்ப்பது ஒரு முழ நீள ரசமட்டத்தைவிட நம்பகமானது.

தண்டவாளங்களில் ஒன்றை மட்டும் அளந்து இறுக்க வேண்டும். மற்றதன் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, டார்ச்சைச் சுமக்கும் குறுக்குப் பாலத்தை இரண்டு தண்டவாளங்களிலும் ஏற்றி, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கையால் தள்ளிக்கொண்டே, பாலம் நிற்கும் இடத்திற்கு அருகிலுள்ள போல்ட்டை இறுக்கிக்கொண்டு வரவேண்டும். முடிந்தபின் ஒரு விரலால் தள்ளினாலும் பாலம் முழுநீளமும் ஒரே சீராக ஓட வேண்டும். எங்காவது இறுகினால் அந்த இடத்தில் மோட்டார் தடுமாறும் என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

பாலத்தை நகர்த்தும் மோட்டாருக்கு, படிப்படியாகச் சுற்றும் நெமா 23 அளவு ஸ்டெப்பரும், 36 வோல்ட் டி.சி. தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும், மோட்டாரை ஓட்டும் டிஎம்542 வகை டிரைவரும் பொருந்தும். மோட்டாரிலிருந்து வரும் நான்கு கம்பிகளில் ஜோடி எது என்று தெரியாவிட்டால், இரண்டிரண்டாகத் தொட்டு வைத்துக்கொண்டு அச்சைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த இரண்டு கம்பி தொடும்போது அச்சு கடக் கடக் என்று முரண்டு பிடிக்கிறதோ அவை ஒரு சுருளின் இரு முனைகள். மின்சாரம் ஓடும்போது மோட்டார் கம்பியைக் கழற்றினால் டிரைவர் எரிந்துவிடும் என்பதால், ஸ்விட்சை அணைத்துச் சற்று நேரம் விட்ட பிறகே கம்பியில் கை வைக்க வேண்டும்.

அடுத்தது ஒரு மில்லிமீட்டர் நகர டிரைவருக்கு எத்தனை மின் துடிப்பு அனுப்ப வேண்டும் என்ற கணக்கு. மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. ஒவ்வொரு படியையும் டிரைவரில் எட்டு நுண்படியாகப் பிரித்தால் 1600 துடிப்பு. மாட்யூல் 1 (பல்லின் அளவு) ரேக் என்ற பல் பட்டையில் 20 பல் பினியன் (சிறு பல்சக்கரம்) ஒரு சுற்றுக்கு 62.83 மில்லிமீட்டர் நகரும். இடையில் மூன்றுக்கு ஒன்று பெல்ட் குறைப்பு இருந்தால் மோட்டார் ஒரு சுற்றுக்கு 20.94 மில்லிமீட்டர். 1600-ஐ 20.94-ஆல் வகுத்தால் கிடைக்கும் 76.39-ஐ மேசையை இயக்கும் ஜி.ஆர்.பி.எல். மென்பொருளின் அமைப்பில் $100, $101 என்ற இடங்களில் எழுத வேண்டும். 1000 மில்லிமீட்டர் நகரச் சொல்லி 997 தான் நகர்ந்தால், பழைய எண்ணை 1000-ஆல் பெருக்கி 997-ஆல் வகுத்து, 76.62 என்று மாற்றுங்கள். டேப்பின் நுனிக் கொக்கி ஆடும் என்பதால் 100-வது கோட்டிலிருந்து அளப்பது நல்லது.

இனிப் பேனா. ஒரு சதுரம், அதற்குள் ஒரு வட்டம், இரண்டையும் ஒரே இடத்தில் பலமுறை வரையச் சொல்லுங்கள். எத்தனை முறை வரைந்தாலும் கோடு ஒன்றாகவே தெரிந்தால் இயந்திரம் சரி. கோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் நகர்வு தொலைகிறது: பினியனை அச்சில் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கலாம், அல்லது வேகமும் முடுக்கமும் மோட்டாரின் சக்திக்கு மேல் இருக்கலாம். அச்சுக்கும் பினியனுக்கும் குறுக்கே மார்க்கரில் ஒரு கோடு போட்டு ஓட்டினால், கோடு பிரிந்திருக்கிறதா என்பதிலேயே எது என்று தெரிந்துவிடும். வட்டத்தின் மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு இடங்களில் சிறு தட்டை அல்லது படி விழுந்தால், அது ரேக்குக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள தளர்ச்சி. வட்டம் சாய்ந்த முட்டையாக வந்தால் பாலம் மூலைமட்டத்தில் இல்லை. இருபுறமும் மோட்டார் உள்ள பாலமாக இருந்தால், மின்சாரம் கொடுக்கும் முன் அதை இரு முனைகளிலும் நிறுத்துக் கட்டைகளில் அழுத்தி நேராக்கிக்கொள்ள வேண்டும்.

பேனாவில் சரியாக வந்தது டார்ச்சில் பிசகினால் இயந்திரத்தைத் தொட வேண்டாம். குற்றவாளி பெரும்பாலும் மின் இரைச்சல். உயர் அதிர்வெண்ணில் பற்றும் பிளாஸ்மா இயந்திரங்கள் கம்ப்யூட்டர் இணைப்பையே அறுத்துவிடும் என்பதால், உயர் அதிர்வெண் இல்லாமல், டார்ச்சுக்குள்ளேயே தொட்டு விலகிப் பற்றும் (ப்ளோபேக்) பைலட் ஆர்க் வகையை வாங்குவதே நல்லது. டார்ச் கேபிளும் மோட்டார் கேபிளும் அருகருகே ஓடக்கூடாது. கேபிளின் கவசத்தைக் கட்டுப்பாட்டுப் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்தில் சேர்க்க வேண்டும். பாலம் எல்லையைத் தொட்டால் நிறுத்தும் லிமிட் ஸ்விட்சுகளை, தொடாதபோது மூடியிருக்கும் முறையில் இணைத்தால் பொய்யான அலாரம் குறையும். எர்த் கிளாம்ப் மேசைச் சட்டத்தில் அல்லாமல் வெட்டப்படும் ஷீட்டிலேயே கவ்வ வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நம் பக்கத்து மண் காய்ந்து எர்த் குழியின் தடை ஏறிவிடும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதை வழக்கமாக்குங்கள். பிளாஸ்மா இயந்திரத்துக்கு அதன் பெயர்த் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியருக்கேற்ற தனி லைனும் எம்.சி.பி.யும் எலக்ட்ரீசியனைக் கொண்டு போட்டுக்கொள்ள வேண்டும்.

காற்றில் ஈரம் இருந்தால் டார்ச்சின் நுனியிலுள்ள டிப் சீக்கிரம் கெடும். ஐப்பசி மழைக்காலத்தில் கம்ப்ரசர் தொட்டியின் அடிக் குழாயைத் தினமும் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, டார்ச்சுக்கு அருகில் ஒரு நீர்ப் பிரிப்பானும் வைக்க வேண்டும். டிப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: துளை வட்டமாக இல்லாமல் ஒருபக்கம் இழுத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. டிப்புக்கு உள்ளே இருக்கும் எலக்ட்ரோடின் நடுவிலுள்ள ஹாஃப்னியம் என்ற உலோகப் பொட்டு 1.5 மில்லிமீட்டர் அளவுக்குக் குழிந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

வெட்டின் ஒருபக்கம் மட்டும் சாய்வாக இருந்தால், டிப்பைக் கால் சுற்று திருப்பி மறுபடி வெட்டுங்கள். சாய்வும் கூடவே இடம் மாறினால் டிப் தேய்ந்திருக்கிறது. மேசையின் அதே பக்கத்திலேயே நின்றால் டார்ச் செங்குத்தாக இல்லை. பொதுவாக டார்ச் போகும் திசைக்கு வலப்புறம் உள்ள விளிம்பே நேராக வரும், எனவே வெளி விளிம்பைக் கடிகாரத் திசையிலும் உள் ஓட்டைகளை எதிர்த்திசையிலும் வெட்ட வேண்டும். 100 மில்லிமீட்டர் துண்டும் 500 மில்லிமீட்டர் துண்டும் ஒரே அளவு, சுமார் 1.5 மில்லிமீட்டர், சிறுத்து வந்தால் வெட்டின் அகலத்தை மென்பொருளில் சரிசெய்யுங்கள். நீளத்துக்கேற்பப் பிழை கூடினால் மட்டுமே துடிப்புக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அடியில் ஒட்டும் கசடு கனமாக, சுத்தியலால் தட்டினால் உதிர்ந்தால் வேகம் குறைவு. மெல்லியதாக, அரைத்தாலும் போகாமல் இருந்தால் வேகம் அதிகம்.

அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்து வெட்டுபவர்கள் அலுமினியத்தை அதில் வெட்டவே கூடாது. நீரில் விழும் அலுமினியத் துகள் ஹைட்ரஜனை உண்டாக்கி வெடிக்கும். ஜி.ஐ. ஷீட்டின் துத்தநாகப் புகை காய்ச்சலைத் தரும், ஆகையால் கதவை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள்.

மெல்லிய ஷீட்டுக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. 1.5 மில்லிமீட்டர் ஷீட்டில் பூ வேலையை ஒரே மூலையில் தொடர்ந்து வெட்டினால், சூட்டில் தகடு மேலெழும்பி டார்ச்சை இடிக்கும். உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் கருவி இல்லாதவர்கள் உள் ஓட்டைகளை மேசையின் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரிசைப்படுத்தி, வெளி விளிம்பைக் கடைசியில் வெட்ட வேண்டும்.