கேரளா வண்டி வாங்கி பவர் ஏத்தப் போறீங்களா? முதல்ல சீட் பெல்ட்டை இழுங்க

பொள்ளாச்சியில் இருந்து கிளம்பி கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிவிட்டால், கேஎல் நம்பர் டர்போ வண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி பவர் ஏத்துவது) செய்கிற எண்ணத்தோடு பழைய வண்டி தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. எந்த வண்டி?
ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) மேனுவல்தான் என் சிபாரிசு: பவர் 110 பிஎஸ், டார்க் (இழுவிசை) 175 என்எம். பழைய 1.2 ஜிடி டிஎஸ்ஐ-யில் வந்த 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் டிரை கிளட்ச் வகை. 250 என்எம் டார்க்தான் அது தாங்கும் எல்லை. ஏற்கெனவே ரீமேப் ஆன வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

2. தண்ணிக்குள் நின்ற வண்டியா?
எனக்கு அடி விழுந்தது இங்கேதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, சாலக்குடி பக்கம் நிறைய வண்டிகள் மூழ்கின. நான் முதலில் வாங்கியதும் அப்படி ஒன்று. கார்பெட் புத்தம் புதுசு, உள்ளே கமகம வாசனை. அருமையா வெச்சிருக்கார் என்று நம்பிவிட்டேன். மூன்றாம் மாதம் ஏர்பேக் லைட் எரிந்தது. சீட்டைக் கழற்றினால், அடியில் இருந்த கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

அதனால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். கார்பெட்டை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெல்ட்டில் கை வைப்பதில்லை. ஸ்டெப்னி குழி, சீட் ரெயில் போல்ட் இரண்டிலும் துரு இருக்கிறதா பாருங்கள்.

3. இன்ஜின்
"நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணலாம் சேட்டா" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஆறிக் கிடக்கிற இன்ஜினை ஸ்டார்ட் செய்தால்தான் குறை தெரியும்; பானெட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) எடுக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மலிவான புளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜினை மட்டும்தான் படிக்கும். போலோவுக்கு விசிடிஎஸ் (ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்கான ஸ்கேன் கருவி)தான், ஏர்பேக், ஏபிஎஸ் வரைக்கும் காட்டிக்கொடுக்கும்.

4. பேப்பர்
விற்பவரின் ஆர்டிஓ-வில் ஃபார்ம் 28 போட்டு என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்குங்கள். பிறகு பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. லோன் இருந்தால் அதை நீக்க 35. இன்சூரன்ஸ் பெயர் மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். ரீமேப் செய்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

பின்சேர்க்கை: கேஎல் நம்பரிலேயே ஓட்டலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் டிஎன் பதிவு கட்டாயம், சாலை வரியும் இங்கே கட்டணும். அந்தத் தொகையை முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுக் குறித்துக்கொண்டு போங்கள். பாலக்காட்டில் இரண்டாவது வண்டிக்கு அந்தச் சீட்டைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன்.