ஜிங்க் மாத்திரைய எப்ப நிறுத்தணும்னு கேட்டீங்களா?

புதுசா டயட்டீஷியனா சேர்ற பிள்ளைங்க எழுதுற சார்ட்டப் பாக்குறப்பல்லாம் எனக்குப் பக்குனு இருக்கு, ஆரம்பத்துல நான் எழுதின அதே சார்ட், அதே தப்பு. காய்கறி சாப்பிடுங்க, பொரிச்சத குறைங்கங்கறதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அத விட்டுடறேன், செல்லப் பாதுகாக்குற சத்துகள்ல நடக்குற தப்புங்கள மட்டும் சொல்றேன்.

ஜிங்க்க மாசக்கணக்கா முழுங்கறது

கொரோனா டைம்ல நெறைய பேரு 50 மி.கி. ஜிங்க், அதாவது துத்தநாகம், ஆரம்பிச்சாங்க. எப்ப நிறுத்தணும்னு யாரும் சொல்லல, அதான் எனக்கு இன்னும் ஆத்திரம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு உச்ச வரம்பே 40 மி.கி.தான், அதுவும் சாப்பாட்டுல வர்றதையும் சேர்த்து.

நம்ம செல்லுக்குள்ள சூப்பராக்சைடுனு செல்லுக்குக் கெடுதல் பண்ற ஒரு வகை ஆக்சிஜன் ஓயாம உருவாகிட்டே இருக்கும், அத அடக்குற எஸ்ஓடி (சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ்) என்சைமுக்கு ஜிங்க்கும் வேணும் காப்பரும் (செம்பு) வேணும், வேலைய செய்யறது காப்பர், என்சைம் கட்டு குலையாமப் பாத்துக்கறது ஜிங்க். ஜிங்க்க அள்ளிப் போட்டா குடல் செல்லுல மெட்டலோதயோனின்னு ஒரு புரோட்டீன் கூடிப்போகும், அது காப்பர இறுக்கிப் புடிச்சு வச்சுக்கும், நாலஞ்சு நாள்ல அந்த செல் உதிரும்போது காப்பரும் மலத்தோட போயிடும். பாதுகாப்புக்குனு போட்ட மாத்திரையே அந்தப் பாதுகாப்புல கை வைக்குது.

என்கிட்ட ஒரு ரிட்டயர்ட் சார் வந்தாரு, ஒன்றரை வருஷமா தினம் ஒரு ஜிங்க். ஹீமோகுளோபின் 8, வெள்ளை அணுவும் கம்மி. ஆறு மாசமா அயர்ன் மாத்திரை போட்டும் ஏறல. "கால்ல சாக்கு சுத்தின மாதிரி இருக்கும்மா, செருப்பு கழண்டு போனாகூட தெரியல"ன்னாரு. மாத்திரைப் பையக் கொட்டச் சொன்னேன், ஜிங்க் மாத்திரை, மல்டிவைட்டமின், சத்துமாவு டப்பா, மூணுலயும் ஜிங்க். டாக்டர்கிட்ட அனுப்பி சீரம் காப்பர், ரத்தத்துல காப்பர சுமக்குற செருலோபிளாஸ்மின் புரோட்டீன் பாத்தா ரெண்டுமே தரை தட்டியிருந்துச்சு. ஜிங்க்க நிறுத்தி காப்பர் குடுத்ததும் ரத்தம் ரெண்டு மாசத்துல சரியாச்சு, கால் மரப்பு முழுசா போகல. நரம்புல விழுந்த அடி அப்படித்தான், பல பேருக்கு மிச்சம் நிக்கும்.

அதனால டாக்டர் ஜிங்க் எழுதினா எத்தனை நாளைக்குனு கேட்டு சீட்டுலயே எழுதி வாங்குங்க. வீட்டுல எள்ளு, முந்திரி, பருப்பு, ஆட்டு ஈரல், நண்டு இதுலல்லாம் காப்பரும் ஜிங்க்கும் சேர்ந்தே இருக்கு.

பிரேசில் நட்ட கைப்பிடியா தின்றது

எஸ்ஓடி விட்டுட்டுப் போற ஹைட்ரஜன் பெராக்சைட தண்ணியா மாத்துற குளுட்டாதயோன் பெராக்சிடேசுக்கு செலினியம் வேணும், சரி, ஆனா நாள் தேவை 55 மைக்ரோகிராம்தான், ஒரே ஒரு கொட்டையிலயே அதுக்கு மேல கிடைச்சுடலாம். ரொம்ப நாள் அளவு மீறினா முடி கொட்டும், நகம் உடையும், வாயில பூண்டு நாத்தம் அடிக்கும்.

சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை

குடுக்கவே குடுக்காதீங்க. பின்லாந்துல சிகரெட் பிடிக்கிற 29,133 ஆம்பளைங்கள வச்சுப் பாத்த ஆய்வுல, 1994ல வந்த முடிவு, மாத்திரை போட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் அதிகமாத்தான் வந்துச்சு. கேரட் சாப்பிடட்டும், அது வேற.

சாப்பாட்டோட டீ

அதே ஹைட்ரஜன் பெராக்சைட உடைக்கிற கேட்டலேஸ் என்சைமுக்கு இரும்பு வேணும், கீரைல இருக்குற இரும்ப டீ உள்ள விடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

பயறு ஊற வைக்காம வேக வைக்கிறது

ராத்திரியே ஊறப் போடுங்க, முளை கட்டினா இன்னும் நல்லது, ஃபைட்டிக் ஆசிட் குறைஞ்சு ஜிங்க்கும் இரும்பும் கூடுதலா ஒட்டும்.