சரியான விடைக்குச் சிவப்புக் குறி: ‘தோன்றல்’ தந்த தலைவலி

பினாங்கில் கல்லூரி மாணவர்களுக்காகப் புணர்ச்சி இலக்கணத்தை இணையவழிப் பயிற்சியாகச் செய்திருந்தேன். சொற்கள் சேரும்போது எழுத்துகளில் வரும் மாற்றங்களான விகாரம் மூன்றையும் தட்டச்சு செய்ய வேண்டும். திரிதல், கெடுதல் இரண்டுக்கும் பச்சை. தோன்றல் மட்டும் தவறு என்று வந்தது. எழுத்துப்பிழையே இல்லை.

விடையின் முன்பின் இடைவெளிகளை நீக்கினேன், எழுத்துருவை மாற்றினேன், வேறு பிரவுசரில் திறந்தேன். பலனில்லை. அப்புறம் ஒரு மாணவி, குறிப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் சரியென்று வருகிறது என்றார். அதுதான் துப்பு.

குறிப்பைப் போலவே விடைப்பட்டியலும் பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. அதில் ‘தோ’வின் குறி ஏகாரக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாக இருந்தது. கைப்பேசி விசைப்பலகை அதையே 0BCB என்ற ஒரே குறியீடாகத் தருகிறது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ‘தோன்றல்’ முழுவதையும் எண்ணிப் பார்த்தால் கைப்பேசியில் தட்டியதில் 7 குறியீடு, பழைய கோப்பிலிருந்து வந்ததில் 8. என் எடிட்டரில் ‘தோ’வை அடுத்து பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டினால் பழையதில் ‘தே’ மிஞ்சும், புதியதில் ‘த’. ‘கெடுதல்’ தப்பித்தது இதனால்தான். அதில் ஒற்றைக் கொம்பு மட்டுமே.

ஒப்பிடும் நிரலில் மாணவர் விடை, சரியான விடை இரண்டையும் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் கட்டளையால், பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினேன். உடனே பச்சை விழுந்தது, நிம்மதி. ஒகர, ஓகார, ஔகாரச் சொற்கள் எல்லாவற்றையும் இப்படிச் சோதித்துவிடுங்கள்.